இடக்கை முடிச்சு

அத்தியாயம் பதினொன்று

படகுக் கொட்டகைச் சாவி என் கைக்குத் தாமதமாக வந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

போன வாரம் நாம் நின்றது அந்த இடத்தில்தான். கல்லூரிப் பாய்மரப் படகுக் கழகத்துக்குப் புதுக் கேப்டனைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு முடிந்திருந்தது. கொட்டகையைப் பூட்டி, சாவியை உடனே என்னிடம் ஒப்படைக்க வேண்டியவன் என் தம்பி மகன். கொட்டகைப் பொறுப்பு இந்த வருடம் அவனிடம். அவன் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வழியில் சைக்கிள் பஞ்சர் என்றான். வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தேன். இரண்டு டயரும் கல் மாதிரி இருந்தன.

கேப்டன் பதவிக்கு நிற்பவள் அவன் அக்கா. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கப் பெரிய மூளை தேவையில்லை.

நான் துறைமுகத்தில் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். வெளியிலிருந்து வரும் கப்பல்களைக் கரைக்குக் கொண்டுவந்து கட்டுவது என் வேலை. ஒரு கப்பலையும் நான் தரை தட்டவிட்டதில்லை. அதனால்தான் வாக்குகளை எண்ணும் பொறுப்பைக் கழகத்தின் பயிற்சியாளர் என்னிடம் கொடுத்தார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பிள்ளைகளுக்கு அவர் விசில் சார். சொந்தத் தம்பி மகள் நிற்கிறாளே, இவர் எண்ணலாமா என்று யாரோ இழுத்தார்களாம். இவர் எண்ணினால் அவளுக்குத்தான் ரெண்டு குறையும் என்றாராம் விசில் சார். முடிச்சை முடிச்சாக மட்டும்தான் எண்ணுவேன், யார் கட்டியது என்று பார்க்கமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

முடிச்சு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தக் கழகத்தில் சீட்டு எழுதிப் போடும் வழக்கம் இல்லை. ஒரு வருடம் மழைத் தண்ணீர் பெட்டிக்குள் புகுந்து எல்லாச் சீட்டும் கூழாகிவிட்டன. அதிலிருந்து கயிறுதான். போட்டியிடும் ஒவ்வொருவருக்கும் கொட்டகையில் ஒரு துடுப்பை நிறுத்தி வைப்பார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான ஒரு துண்டுக் கயிறு கிடைக்கும். தனியாக உள்ளே போய், தனக்குப் பிடித்தவரின் துடுப்பில் அதைக் கட்டிவிட்டு, தண்ணீர்ப் பக்கக் கதவால் வெளியேறிவிட வேண்டும். எந்த முடிச்சு வேண்டுமானாலும் போடலாம்.

செயலாளர் பதவிக்கும் அடுத்த வருடக் கொட்டகைப் பொறுப்புக்கும் போட்டியே இல்லை. கேப்டனுக்குத்தான் இருவர். ஒருத்தி எங்கள் பெண். கழகத்தில் அவளுக்குச் 'சுக்கான்' என்று பெயர். காற்று எப்படி அடித்தாலும் படகு அவள் நினைத்த திசையில்தான் போகும். மற்றவன் பல் டாக்டரின் மகன். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டான். அவன் பெயரே 'கண்ணாடி' ஆகிவிட்டது.

என் தம்பி பாய் தைப்பவன். கழகத்துப் படகுகளின் பாய்கள் எல்லாம் அவன் கையால் தைத்தவை. போன போட்டியில் ஒரு பாய் நடுவில் கிழிந்து போனதிலிருந்து படகுத்துறையில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. அப்பனோட பாய் தைக்கிற வேலையைக் காப்பாத்தத்தான் பொண்ணு கேப்டனாகப் பாக்குது என்று. அந்த வாயை அடைக்க அவளுக்கு இருந்த வழி ஒன்றுதான். நேராக நின்று நேராக ஜெயிப்பது. தில்லுமுல்லு என்று தெரிந்தால் கழகத்தை விட்டே நீக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

இந்த நினைப்போடுதான் மறுநாள் காலையில் விசில் சாருடன் போய்க் கொட்டகையைத் திறந்தேன்.

உள்ளே வார்னிஷும் ஈர லைஃப் ஜாக்கெட்டும் கலந்த வாசனை. கவிழ்த்து வைத்த படகுகளுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக இரண்டு துடுப்புகள். தூரத்திலேயே தெரிந்தது. எங்கள் பெண்ணின் துடுப்பில் கயிறு அப்பிக் கிடந்தது. கண்ணாடியின் துடுப்பில் அவ்வளவு இல்லை.

மனம் குளிர்ந்தது. மறைப்பானேன். கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். குளிர்ந்த மனம் அப்படியே உறைந்தது.

எங்கள் அப்பா இடது கைக்காரர். அவர் முடிச்சுப் போடுவதைப் பார்த்தே நாங்கள் கற்றோம். அதனால் நானும் தம்பியும் வலது கைக்காரர்களாக இருந்தும், முடிச்சு மட்டும் இடப்பக்கமாகவே விழும். கயிற்றை இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அடியிலிருந்து எடுத்து, மீதியை மடித்துச் செருகுவோம். இழுக்க இழுக்க இறுகும். மடிப்பைப் பிடித்து இழுத்தால் ஒரே வீச்சில் அவிழும். துறைமுகத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. கட்டியிருக்கும் கயிற்றைப் பார்த்தே இது அவர்கள் வீட்டுப் படகு என்று சொல்வார்கள்.

அவள் துடுப்பில் இருந்த முடிச்சுகளில் முக்கால்வாசி அந்த முடிச்சு.

கழகத்தில் அப்படிக் கட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவளும் அவள் தம்பியும். ஆளுக்கு ஒரு கயிறுதான். மற்றதெல்லாம்? யாரோ அடுத்தவன் துடுப்பிலிருந்து அவிழ்த்து இங்கே கட்டியிருக்க வேண்டும். சாவி யாரிடம் இருந்தது? எவ்வளவு நேரம் இருந்தது?

கண்ணாடியின் துடுப்பை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று நினைத்தேன்.

எண்ணலாமா சார் என்று கேட்டார் விசில் சார்.

"இப்ப வேண்டாம். சாயங்காலம் எல்லாரும் இருக்கறப்ப பாத்துக்கலாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கை தானாக விசிலுக்குப் போய்த் திரும்பியது. கொட்டகையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நேராகத் தம்பியின் பட்டறைக்கு நடந்தேன்.

பாய்ப் பட்டறைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மேஜை கிடையாது. பாய் முழுவதும் தரையில் விரிந்து கிடக்கும். தையல் மெஷினைத் தரையில் ஒரு குழி வெட்டி இறக்கியிருப்பார்கள். தைப்பவன் குழிக்குள் உட்கார்ந்திருப்பான். வெளியே தெரிவது மார்புக்கு மேல்தான். தம்பியோடு எவ்வளவு முக்கியமான விஷயம் பேசினாலும் நான் அவன் தலையைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்கண்ணா. பாயை மிதிச்சிடாதீங்க."

கழற்றினேன். அவன் மகன் சின்னவன் நேற்று சாயங்காலம் எங்கே போனான் என்று கேட்டேன்.

"என்னைக் கேட்டா? அவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நான் ஒரு பாயே தைச்சு முடிச்சிடுவேன்."

பார்த்ததைச் சொன்னேன். மெஷின் நின்றது. உள்ளங்கையில் மாட்டியிருந்த தோல் உறையைக் கழற்றி, திரும்ப மாட்டி, மறுபடி கழற்றினான்.

"நம்ம முடிச்சா? நல்லாப் பாத்தீங்களா?"

"அப்பா எழுந்து வந்து கட்டின மாதிரி இருக்கு."

என் பிள்ளைகள் அப்படிச் செய்யாது என்றான். நேற்று வரைக்கும் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். அவன் ஊசியை எடுத்தான். பிறகு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"அவளை ஒரு வார்த்தை கேளுங்கண்ணா. கேக்காம ஊருக்கு முன்னாடி வாயைத் திறக்காதீங்க."

"எண்ணறவன் நான். எண்ணறதுக்கு முன்னாடி, நிக்கறவகிட்ட நான் தனியாப் பேசலாமா? நாளைக்கு ஒருத்தன் கேட்டா நீ பதில் சொல்வியா?"

அவன் பாயின் மேல் குனிந்தான். இதை அவளிடமோ சின்னவனிடமோ மூச்சு விடக் கூடாது என்று சொல்லி வைத்தேன். பெரியவன் சொன்னால் கேட்கிற பழக்கம் அவனுக்கு இன்னும் இருக்கிறது. எனக்கு அது அன்றைக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சின்னவன் உள்ளே வந்தான். தைத்து முடித்த பாய் ஒன்றைச் சுருட்டிப் பையில் திணித்தான். பை வாயைக் கட்ட உட்கார்ந்தவன், என்னைப் பார்த்ததும் கட்டுவதில் மும்முரமானான். இடப்பக்கமாக இரண்டு சுற்று, அடியிலிருந்து நுனி, மடித்து ஒரு செருகல். அதன் மேல் இன்னொரு செருகல். எங்கள் வீட்டில் இவன் ஒருவன்தான் இரண்டு தரம் செருகுவான். சிறு வயதில் இவன் கட்டி வைத்த படகு அவிழ்ந்து போய்ப் பாறையில் மோதியது. அந்தப் பயம் விரலில் தங்கிவிட்டது. அதைச் சொல்லி அவன் அக்கா இன்றைக்கும் கேலி செய்வாள். தம்பி கட்டினதை அவுக்கறதுக்குள்ள விடிஞ்சிடும் என்பாள்.

"சாவி ஏன் லேட்டாச்சு?"

"பஞ்சர்னு சொன்னேனே பெரியப்பா."

"எந்த டயர்?"

"பின்னாடி." ஒரு நொடி கழித்து, "இல்ல, முன்னாடி" என்றான். கண் தரையில் இருந்தது.

"பூட்டினதுக்கப்புறம் திரும்பக் கொட்டகைக்குள்ள போனியா?"

"போகல."

இதை நிமிர்ந்து, என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். நான் நிமிர்ந்து சொன்ன பதிலை விட்டுவிட்டு, குனிந்து சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பொய் சொன்னவன் இன்னொன்று சொல்லமாட்டானா என்ன.

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் அணைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டான். குழிக்குள்ளிருந்து என் தம்பியும் அதைப் பார்த்தான். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் கழகத்துப் பிள்ளைகள் எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். கவிழ்த்து வைத்த படகுகள்மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். இந்த வருடம் முதலாண்டுப் பிள்ளைகள்தான் அதிகம். வெயிலில் கறுத்து, மூக்கில் தோல் உரிந்து, ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணாமல் காலையிலிருந்து பூட்டி வைத்திருக்கிறேன் என்ற செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கண்ணாடி ஒரு தூணில் சாய்ந்து நின்றான். அவன் கண் எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் பெண் கடைசியாக வந்தாள். படகை இழுத்துக் கட்டிவிட்டு வந்திருக்க வேண்டும், கை ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, உடம்பு சரியில்லையா பெரியப்பா என்று கேட்டாள். போய் உட்கார் என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தும் பார்க்காதது போலத் துடுப்புகளின் பக்கம் போய் நின்றேன்.

கப்பல் மேல்தளத்தில் நிற்கும்போது குரல் நடுங்கக் கூடாது. அந்தப் பழக்கம் உதவியது.

"இந்த வாக்கெடுப்பு செல்லாது. இந்தத் துடுப்புல இருக்கற முடிச்சுல முக்கால்வாசி ஒரே வீட்டுக் கை. அது என் வீட்டுக் கை. அடுத்தவங்க சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

 வெளியே கட்டிக் கிடந்த படகில் ஒரு கயிறு பாய்மரத்தில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி முதல் முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் சின்னதாக, சாதாரணமாக இருந்தது. கதவோரம் நின்ற சின்னவனின் முகத்தில் ரத்தமே இல்லை. பார்த்தாயா, மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்.

அவள் எழுந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சத்தம் போடுவாள் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"கேப்டனுக்கு நிக்கறவளாக் கேக்கல பெரியப்பா. உங்க வீட்டுப் பொண்ணாக் கேக்கறேன். நான் பாக்கலாமா?"

விசில் சார் தலையசைத்தார். அவள் துடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கயிறாகப் பார்த்தாள். ஒன்றையும் தொடவில்லை. பிறகு திரும்பாமலே கூப்பிட்டாள்.

"மிதவை, இங்க வா."

குள்ளமான, உருண்டையான முதலாண்டுப் பெண் ஒருத்தி படகிலிருந்து இறங்கி வந்தாள். மிதவை என்று யார் பெயர் வைத்தார்களோ, அவளுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் பெண் அவள் கையில் ஒரு துண்டுக் கயிற்றைக் கொடுத்து, தூணில் கட்டச் சொன்னாள். எந்த முடிச்சு என்று மிதவை கேட்டாள். உனக்குச் சட்டென்று வருவது எதுவோ அது என்றாள் இவள்.

மிதவை கட்டினாள். இடப்பக்கமாக இரண்டு சுற்று. அடியிலிருந்து நுனி. மடித்து ஒரு செருகல்.

அடுத்து ஒரு பையன் வந்தான். அவனும் அதே. இன்னொருத்தி. அவளும் அதே. நான்காவதாக வந்தவன் பேசிக்கொண்டே, தூணைப் பார்க்காமல் கட்டினான். தூண் முழுவதும் எங்கள் அப்பாவின் கை தெரிந்தது.

"யார் சொல்லிக் குடுத்தது?" என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"சுக்கான் அக்காதான்," என்றாள் மிதவை. "போன மாசம் எங்க படகு கவுந்தப்ப நான் கட்டியிருந்த கயிறு கால்ல சிக்கி அவுக்க வரல. தண்ணியில கை வெறைச்சுப் போச்சு. அக்கா குதிச்சு வந்துதான் அறுத்து விட்டாங்க. அன்னிக்கே கரையில எங்க எல்லாரையும் பக்கத்துல உக்கார வெச்சு, இது வர்ற வரைக்கும் வீட்டுக்கு விடலை."

படகு கவிழ்ந்ததை அவள் வீட்டில் சொல்லவில்லை. எங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள் போலும்.

"அது நம்ம வீட்டு முடிச்சு," என்றேன். அந்த இடத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை அது இல்லை. வந்தது அதுதான்.

"ஆமா பெரியப்பா. அவங்களும் முழுகக் கூடாதில்ல."

கண்ணாடி மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டான். முடிச்சுச் சொல்லிக் கொடுத்தே முதலாண்டுப் பிள்ளைகளை வளைத்துவிட்டாள் என்று முணுமுணுத்தான். நீயும் சொல்லிக் குடுத்திருக்கலாமே, அதுக்குக் கயிறு தெரியணும், கண்ணாடியக் கழட்டணும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு என்னையும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தெரியும். அசையாமல் நின்றேன்.

வாக்கெடுப்பு செல்லாது என்று எந்தக் குரலில் சொன்னேனோ, அதே குரலில் அடுத்ததையும் சொன்னேன்.

"நான் சொன்னது தப்பு. இது என் வீட்டுக் கை இல்ல. இவங்க கை. எண்ணலாம்."

அவள் தலையாட்டினாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கும் பழக்கம் எனக்கில்லை.

அவள் துடுப்பை எண்ணுவது சுலபமாக இருந்தது. மடிப்பைப் பிடித்து இழுத்தால் கயிறு பொலபொலவென்று விழுந்தது. விசில் சார் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினார். பாதியிலேயே முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலாண்டுப் பிள்ளைகள் படகின் அடியில் குதிகாலால் தட்ட ஆரம்பித்தார்கள். என் தம்பி இங்கே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பட்டறையில், குழிக்குள், ஒரு வார்த்தைக்காக அவன் காத்திருப்பான்.

பிறகு கண்ணாடியின் துடுப்பு. அதில் கண்டபடி முடிச்சுகள். நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்க்க வேண்டியிருந்தது. முடிவு தெரிந்துவிட்டதால் பிள்ளைகள் எங்கள் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அவள் மட்டும் என் பக்கத்தில் நின்று, விழும் கயிறுகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கயிறு அடியில், துடுப்பின் அகன்ற பாகத்துக்குச் சற்று மேலே இருந்தது. இடப்பக்கச் சுற்று. முதலாண்டுப் பிள்ளை யாரோ இந்தப் பக்கம் கட்டியிருக்கிறது, அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டே மடிப்பைப் பிடித்து இழுத்தேன்.

அவிழவில்லை.

விரலால் தடவினேன். ஒரு செருகலுக்கு மேல் இன்னொரு செருகல்.

தலையைத் தூக்கினேன். கதவோரம் சின்னவன் இல்லை. அவன் நின்ற இடத்தில் தரை ஈரமாக, வெறுமையாக இருந்தது. கண்ணாடி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அல்லது பார்ப்பது போல இருந்தது.

அவளும் பார்த்துவிட்டாள். யாருடைய முடிச்சு என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்லி வருடக்கணக்காகச் சிரித்தவள் அவள்தான். கை நீட்டி, என் விரலை மெதுவாக விலக்கி, மேல் மடிப்பை இழுத்தாள். பிறகு கீழ் மடிப்பை. கயிறு அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை என்னிடமே நீட்டினாள்.

"எண்ணுங்க பெரியப்பா. முடிச்சை முடிச்சாத்தானே எண்ணுவீங்க."

வாங்கினேன். தூக்கிக் காட்டினேன். கண்ணாடியின் பக்கம் வைத்தேன்.

பின்னால் புதுக் கேப்டனுக்குக் கைதட்டல் ஆரம்பித்தது. அவள் திரும்பி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். நான் மட்டும் தண்ணீர்ப் பக்கக் கதவு வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். படகுத்துறைப் பலகைகள்மேல் கடகடவென்று ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது, வீட்டுப் பக்கம் இல்லை, பல் டாக்டரின் வீடு, அதாவது கண்ணாடியின் வீடு இருக்கும் பக்கம். இரண்டு டயரிலும் காற்று நன்றாகத்தான் இருந்தது.